புள்ளி நகர்கிறதா, இலக்கங்கள் நகர்கின்றனவா?

வாசகர் கேள்வி — 9 ஜூலை 2024

என் மகள் ஏழாம் வகுப்பு. 3.4 × 10 = 3.40 என்று வீட்டுப்பாடத்தில் எழுதியிருந்தாள். கேட்டால், "பத்தால் பெருக்கினால் ஒரு சைபர் சேர்க்க வேண்டும் என்று படித்தோமே" என்கிறாள். சைபர் சேர்க்காதே, புள்ளியை ஓர் இடம் வலப்பக்கம் தள்ளு என்றேன். உடனே எல்லாக் கணக்கையும் சரியாகச் செய்துவிட்டாள். அவளுடைய ஆசிரியரோ இட மதிப்பு அட்டவணை, எண் அட்டை என்று நாள்கணக்கில் இதையே நடத்திக்கொண்டிருக்கிறார். பத்துக்கு ஓர் இடம், நூறுக்கு இரண்டு, ஆயிரத்துக்கு மூன்று. இந்த ஒரு வரி போதாதா?

9 ஜூலை 2024, இரவு

போதாது. நான் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். ஆண்டுதோறும் ஜூலையில் இந்த 3.40 என் மேசைக்கு வந்துவிடும்.

முதலில் உங்கள் மகளுக்காக ஒரு வார்த்தை. அவள் விதியை மீறவில்லை. அவளுக்குக் கொடுக்கப்பட்ட விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறாள். 34 × 10 = 340, 7 × 10 = 70 என்று கீழ் வகுப்புகளில் எல்லா விடையிலும் கடைசியில் ஒரு சைபர் வந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்தவள் 3.4இன் கடைசியிலும் ஒன்றை உட்கார வைத்தாள். பிழை விதியில் இருக்கிறது.

நீங்கள் கொடுத்த புது விதியும் அதே இனம்தான். தாளில் உள்ள மைக்குறிகளை என்ன செய்ய வேண்டும் என்று மட்டுமே இரண்டும் சொல்கின்றன. எண்ணுக்கு என்ன ஆனது என்று இரண்டுமே சொல்லவில்லை. பழைய விதி தசமம் வந்ததும் உடைந்தது. புது விதி எங்கே உடையும் தெரியுமா? "இடமா, வலமா" என்று ஒரு நொடி குழம்பும்போது உடையும். பத்தால் வகுக்கச் சொன்னால் குழம்பும். 45 × 100 என்று புள்ளியே இல்லாத எண்ணைக் கொடுத்தால், எதைத் தள்ளுவது என்று குழந்தை விழிக்கும்.

இன்றிரவே ஒன்று செய்து பாருங்கள். பென்சில் வேண்டாம். 3.4 எந்த இரண்டு முழு எண்களுக்கு நடுவில் இருக்கிறது என்று கேளுங்கள். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் என்பாள். அப்படியானால் அதன் பத்து மடங்கு? முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் என்று அவளே சொல்வாள். 3.40 அந்த இடைவெளியில் இல்லை என்பதையும் அவளே பார்த்துக்கொள்வாள். யாரும் திருத்த வேண்டியதில்லை.

10 ஜூலை 2024, காலை

நேற்று இரவு காரணத்தைச் சொல்லாமல் விட்டேன். இதோ.

3.4 என்பது 3 ஒன்றுகளும் 4 பத்தில் ஒன்றுகளும். மொத்தத்தையும் பத்து மடங்காக்கினால் ஒவ்வொரு பகுதியும் பத்து மடங்காக வேண்டும். 3 ஒன்றுகள் பத்து மடங்கானால் 3 பத்துகள். 4 பத்தில் ஒன்றுகள் பத்து மடங்கானால் 4 ஒன்றுகள். ஆக 34. ஒவ்வோர் இலக்கமும் தன் இடத்தைவிட ஒரு படி பெரிய இடத்துக்கு, அதாவது இடப்பக்கம் ஏறியிருக்கிறது. புள்ளி எங்கும் போகவில்லை. ஒன்றுகளின் இடம் எது என்று காட்டுவது மட்டுமே அதன் வேலை, அந்த இடமோ மாறாதது.

இப்போது 3.4 × 1000. 3 ஆயிரங்களின் இடத்துக்குப் போகிறது, 4 நூறுகளின் இடத்துக்கு. பத்துகளின் இடத்திலும் ஒன்றுகளின் இடத்திலும் ஆள் இல்லை. காலி இடத்தை அப்படியே விட்டால் எழுத்தில் அது 34 என்றுதான் தெரியும். அதனால் இரண்டு சைபர்: 3400. சைபர் சேர்ப்பதற்கு இதுவே காரணம். 34 × 10 = 340 என்பதிலும் இதுதான் நடந்தது, கீழ் வகுப்பில் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். முழு எண்ணுக்கு ஒரு விதி, தசமத்துக்கு ஒரு விதி என்று இரண்டு வைத்துக்கொள்ளத் தேவையே இல்லை.

10 ஜூலை 2024, மதியம்

இன்னொருவர் கேட்கிறார்: ஓடும் ரயிலில் இருப்பவனுக்கு மரம் ஓடுவதாகத் தெரிகிறது, வெளியே நிற்பவனுக்கு ரயில் ஓடுகிறது. இலக்கம் இடப்பக்கம் போனாலும் புள்ளி வலப்பக்கம் வந்தாலும் விடை ஒன்றுதானே?

ஓர் எண்ணைத் தனியாகப் பார்த்தால் ஒன்றுதான், மறுக்கவில்லை. ஆனால் எண்கள் தனியாக வாழ்வதில்லை. 12.5, 0.75, 3.08 என்று மூன்று எண்களைப் புள்ளிக்கு நேர் புள்ளி வைத்து ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். மூன்றையும் பத்தால் பெருக்குங்கள். இலக்கங்கள் நகர்கின்றன என்று நினைப்பவருக்கு நேர்க்கோடு அப்படியே இருக்கும், 125, 7.5, 30.8 என்று ஒன்றுகள் ஒன்றுகளின் கீழேயே நிற்கும், கூட்டிவிடலாம். புள்ளியைத் தள்ளப் பழகிய குழந்தை 125ஐயும் 7.5ஐயும் வலது ஓரம் ஒட்டி எழுதிக் கூட்டுவதை நான் விடைத்தாள்களில் பார்க்கிறேன். புள்ளி நங்கூரம் இல்லாத ஒன்றாக அதன் மனத்தில் பதிந்துவிட்டது.

12 ஜூலை 2024

அட்டவணை, அட்டை எல்லாம் நேரத்தை வீணாக்குகின்றன என்ற குறைக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் எப்படி நடத்துகிறேன் என்று சொன்னால் நேரம் எங்கே போகிறது என்று புரியும்.

வகுப்பறைத் தரையில் சுண்ணக்கட்டியால் ஏழு கட்டங்கள் வரைகிறேன்: ஆயிரம், நூறு, பத்து, ஒன்று, பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று. ஒன்றுக்கும் பத்தில் ஒன்றுக்கும் நடுவே உள்ள கோட்டில் ஒரு கூழாங்கல். அதுதான் புள்ளி. அதை யாரும் தொடக் கூடாது, வகுப்பு முடியும் வரை.

இலக்கம் எழுதிய அட்டைகளைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் கட்டங்களில் நிற்பார்கள். ஒரு நுணுக்கம் இருக்கிறது: அவர்கள் மற்றவர்களைப் பார்த்து நின்றால் அவர்களுடைய இடக்கை நமக்கு வலப்பக்கமாகிவிடும், எல்லாம் தலைகீழாகும். அதனால் நிற்பவர்களும் உட்கார்ந்திருப்பவர்களும் ஒரே பக்கம், கரும்பலகையைப் பார்த்து இருக்க வேண்டும். அட்டையை முதுகுப் பக்கம் பிடிப்பார்கள்.

"பத்தால் பெருக்கு" என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் இடப்பக்கம் ஒரு கட்டம் நகர வேண்டும். ஒருவர் மட்டும் நகர்ந்தால் எண் கெட்டுவிடும் என்பது அப்போது கண்ணில் தெரிகிறது. "நூறால்" என்றால் இரண்டு கட்டம். 3.4 நூறு மடங்காகும்போது ஒன்றுகளின் கட்டம் காலியாகிறது, கல்லுக்கு இடப்பக்கம் ஆள் இல்லை. வகுப்பு முழுக்கக் கத்துகிறது: "சார், சைபர் வரணும்!" ஓரத்தில் காத்திருக்கும் சைபர் அட்டைக்காரர் ஓடி வந்து நிற்கிறார். 340. அந்தக் கூச்சல் வருவதற்காகத்தான் அத்தனை நேரமும். நானாகச் சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும், அடுத்த ஜூலையில் மறந்தும் போயிருக்கும்.

பிறகு "பத்தால் வகு" என்கிறேன். யோசிக்காமல் வலப்பக்கம் நகர்கிறார்கள். தனிப் பாடம் தேவைப்படவில்லை. அதையே "பத்தில் ஒன்றால் பெருக்கு" என்று சொன்னால் ஒரு நிமிடம் அமைதி. பெருக்கினால் எண் பெரிதாகும் என்ற நம்பிக்கை அங்கேதான் முதன்முறையாக ஆட்டம் காண்கிறது. அதற்காக நான் அவசரப்படுவதே இல்லை.

13 ஜூலை 2024

தசமத்தைப் புரிய வைக்கக் கிரிக்கெட் ஓவரைப் பயன்படுத்தலாமே, பிள்ளைகளுக்குப் பிடிக்குமே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம்.

4.3 ஓவர் என்பது தசம எண் அல்ல. நான்கு ஓவரும் மூன்று பந்தும். ஓவருக்கு ஆறு பந்து, எனவே அது நான்கரை ஓவர், 27 பந்துகள். அதன் பத்து மடங்கு 270 பந்துகள், அதாவது 45 ஓவர். 43 அல்ல. 19.5க்கு அடுத்த பந்து வீசியதும் 20 ஆகிவிடுகிறது, 19.6 என்று நிற்பதில்லை. அந்தப் புள்ளி வெறும் பிரிப்புக்குறி.

ஆனால் யோசித்தால், வேறு விதத்தில் இது மிக நல்ல கேள்வி. "4.3 ஓவரைப் பத்தால் பெருக்கினால் 43 ஓவர் ஏன் வரவில்லை?" என்று கேளுங்கள். அடுத்த இடம் பத்தில் ஒன்றாக இருந்தால் மட்டுமே இலக்கங்கள் அப்படியே இடம் மாறும், இங்கே அடுத்த இடம் ஆறில் ஒன்று. விதி எதன் மேல் நிற்கிறது என்பது, விதி செல்லாத இடத்தில்தான் பளிச்சென்று தெரிகிறது. தசமம் நன்றாகப் பழகிய பிறகு கேட்க வேண்டிய கேள்வி இது, தொடக்கத்தில் அல்ல.

மணிக்கணக்கும் அப்படித்தான். 2.30 மணி என்று எழுதுகிறோம், அதைப் பத்தால் பெருக்கினால் 25 மணி நேரம்.

15 ஜூலை 2024

நம் வீடுகளில் தசமம் உயிரோடு இருக்கும் இடம் நகைக்கடை. அங்கே மூன்று தசம இடம் வரை எடை போடுகிறார்கள், யாரும் பயப்படுவதில்லை. 8.120 என்று தராசு காட்டினால் "எட்டு கிராம் நூற்றிருபது மில்லி" என்கிறார்கள். பேசும்போதே 0.120ஐ ஆயிரத்தால் பெருக்கிவிட்டார்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், கடைசி சைபரை விட்டு எழுதும்போது. 8.12 என்று ஒரு சீட்டில் இருந்தால் அதைப் "பன்னிரண்டு மில்லி" என்று படிப்பவர்கள் உண்டு. என் மாணவி ஒருத்தியின் தாய் 2.050 என்று அட்டை தொங்கிய கம்மலை இரண்டரை கிராம் என்றே நினைத்திருந்தார். அது இரண்டு கிராம் ஐம்பது மில்லி. 2.5 கிராம் என்றால் இரண்டு கிராம் ஐந்நூறு மில்லி. வித்தியாசம் 450 மில்லி. கிராம் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே 2,700 ரூபாய். ஆயிரத்தால் பெருக்கிப் பார்த்தால், அதாவது எல்லாவற்றையும் மில்லியாக மாற்றினால், 2050, 2500 என்று இரண்டும் முழு எண்களாகிவிடும். ஒப்பிட யாருக்கும் தடுமாற்றம் இருக்காது. பத்தின் அடுக்கால் பெருக்குவதை அன்றாட வாழ்க்கைக்கு உதவாத பாடம் என்று நினைப்பவர்கள் இந்த ஓர் உதாரணத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

"916" என்று ஊரெல்லாம் சொல்கிறோமே, அதுவும் இதே கணக்கு. 22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம். 22ஐ 24ஆல் வகுத்தால் 0.91666 என்று போகும். அதை ஆயிரத்தால் பெருக்கி முழு எண் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டால் 916. நூறால் பெருக்கினால் 91.6 சதவீதம். 18 காரட் நகையில் 750 என்று இருக்கும், 0.75இன் ஆயிரம் மடங்கு.

16 ஜூலை 2024

மேலே சொன்னதற்கு ஒரு பொற்கொல்லர் சேர்த்த குறிப்பு: ஒரு கிராம் நகையில் 916 மில்லிகிராம் சுத்தத் தங்கம் என்று படித்தாலும் சரி. ஆம், அதே பெருக்கல். எட்டு கிராம் பவுனுக்கு எவ்வளவு என்று அவர் கேட்டிருக்கிறார்: 0.916 × 8 = 7.328, அதாவது ஏழு கிராம் முந்நூற்று இருபத்தெட்டு மில்லி.

19 ஜூலை 2024

ஒரு செவிலியர் எழுதியிருப்பதை எல்லோரும் நின்று படிக்க வேண்டும். "கணக்கு வாத்தியார்கள் 5, 5.0, 5.00 எல்லாம் ஒன்று என்கிறீர்கள். எங்கள் பிரிவில் 5.0 என்று எழுதினால் திட்டு விழும்."

விழத்தான் வேண்டும். 5.0 மில்லிகிராம் என்று கையால் எழுதினால், மங்கிய புள்ளி கண்ணில் படாமல் 50 என்று படிக்கப்படலாம். அதேபோல் .5 என்று முன்னால் சைபர் இல்லாமல் எழுதினால் 5 ஆகிவிடும். இரண்டிலும் பத்து மடங்கு மருந்து. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன், எழுதக் கூடாதவை என்று 2004இல் வெளியிட்ட பட்டியலில் இரண்டையும் சேர்த்தது. பின்னால் சைபர் கூடாது, முன்னால் சைபர் கட்டாயம்.

ஓர் இடத் தவறு என்பது தேர்வில் ஒரு மதிப்பெண். மருந்தில் அதன் பொருள் வேறு. தைராய்டு மாத்திரையை 50 மைக்ரோகிராம் என்றும் 0.05 மில்லிகிராம் என்றும் எழுதலாம். மில்லியை மைக்ரோவாக்க ஆயிரத்தால் பெருக்க வேண்டும்: 0.05 × 1000 = 50. இதில் ஓர் இடம் தவறினால் 5 அல்லது 500. அட்ரினலின் ஊசி மருந்து ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று என இரண்டு அடர்த்தியில் வருகிறது. முதலாவதில் ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம், இரண்டாவதில் 0.1 மில்லிகிராம். ஒரே மருந்து, நடுவில் ஒரு பத்து.

இதைப் படித்ததிலிருந்து ஒன்றை மனத்தில் புரட்டிக்கொண்டிருக்கிறேன். "கடைசி சைபர் எண்ணை மாற்றாது, வைத்தாலும் ஒன்று, விட்டாலும் ஒன்று" என்றுதான் வகுப்பில் சொல்கிறோம். மதிப்பின் அளவில் அது முற்றிலும் உண்மை. நகைக்கடையில் அந்த சைபரை வைத்தால்தான் குழப்பம் தீர்கிறது, மருத்துவமனையில் விட்டால்தான் தீர்கிறது. இனி 3.40 பாடத்தில் இரண்டையும் சொல்லப் போகிறேன்.

21 ஜூலை 2024

புள்ளியே இல்லாமல் தசமம் எழுதிய காலம் உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு, அதுவும் ஐரோப்பாவில் தசமத்தைப் பரப்பிய நூலிலேயே.

சைமன் ஸ்டெவின் என்ற பிளெமிஷ் கணக்கறிஞர் 1585இல் டச்சு மொழியில் "டி தீண்டெ" என்ற சிறு நூலை வெளியிட்டார். வானியலாளர்கள், நில அளவையாளர்கள், திரைச்சீலை அளப்பவர்கள், மதுப் பீப்பாய் அளப்பவர்கள், வணிகர்கள் ஆகியோரை வாழ்த்தித் தொடங்குகிறது அது. கணக்குப் பண்டிதர்களை மட்டும் நினைத்து எழுதியதல்ல என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அவர் 27.847 என்பதை எப்படி எழுதினார் என்று பாருங்கள்:

27⓪ 8① 4② 7③

ஒவ்வோர் இலக்கத்துக்கும் பக்கத்தில் வட்டத்துக்குள் அதன் இட எண். ⓪ என்றால் முழு எண், ① என்றால் பத்தில் ஒன்று, ② என்றால் நூறில் ஒன்று. இதைப் பத்தால் பெருக்க எந்தப் புள்ளியைத் தள்ளுவீர்கள்? தள்ள ஒன்றுமே இல்லை. 27 என்பது 270 ஆகிறது, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் எண் ஒன்று குறைகிறது: 8①, 8⓪ ஆகி 270உடன் சேர்ந்து 278⓪ 4① 7②. இலக்கங்கள் ஒரு படி ஏறின, அவ்வளவுதான் நடந்தது. நான் தரையில் கட்டம் வரைந்து செய்வதும் இதுவே.

தசமப் பின்னம் ஸ்டெவினோடு தொடங்கியதல்ல. டமாஸ்கஸில் அல்-உக்லிதிசி பத்தாம் நூற்றாண்டிலேயே பயன்படுத்தியிருக்கிறார். சமர்கந்தில் அல்-காஷி 1427இல் முடித்த நூலில் விரிவாகக் கையாண்டிருக்கிறார். புள்ளி வைத்து எழுதுவதை ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் மடக்கை (லாக்) பற்றி எழுதி, அவர் மறைந்த பின் 1619இல் வெளிவந்த நூலில் காணலாம். இன்றைக்கும் ஜெர்மனியிலும் பிரான்சிலும் 3,4 என்று காற்புள்ளிதான். புள்ளி, காற்புள்ளி இரண்டில் எதையும் பயன்படுத்தலாம் என்று எடை, அளவுகளுக்கான பன்னாட்டுப் பொது மாநாடு 2003இல் தீர்மானித்தது. குறி எதுவானால் என்ன, ஒன்றுகளின் இடத்தைக் காட்டினால் போதும்.

22 ஜூலை 2024

ஸ்டெவினை எழுதிவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை. நம் பழைய எண் முறை நினைவுக்கு வந்துவிட்டது.

பழைய முறையில் 34 என்பது ௩௰௪. மூன்று, பத்து, நான்கு. 340 என்பது ௩௱௪௰. மூன்று நூறு, நான்கு பத்து. ௩உம் ௪உம் அப்படியே இருக்கின்றன, அவற்றின் பக்கத்தில் உள்ள குறிகள் மட்டும் ஒரு படி ஏறுகின்றன. சைபர் என்ற பேச்சே இல்லை. இந்த முறையில் படித்த ஒரு குழந்தை "பத்தால் பெருக்கினால் சைபர் சேர்" என்று சொல்லியிருக்கவே முடியாது.

பின்னங்களில் கதை வேறு. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி வைத்து முந்திரி, காணி, மா என்று மனப்பாடம் செய்தார்கள். முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20. பத்தால் பெருக்கிப் பாருங்கள்: மா அரை ஆகிறது. காணி அரைக்கால் ஆகிறது. முந்திரி அரைவீசம், அதாவது 1/32. இருமா முழு ஒன்று. வீசம் (1/16) பத்து மடங்கானால் அரையே அரைக்கால், அதாவது 5/8. ஒவ்வொன்றும் ஒரு புதுப் பெயர், ஒவ்வொன்றையும் தனியாக நெட்டுருப் போட வேண்டும். பாதி, பாதியின் பாதி என்று பங்கு பிரிக்க அந்த முறை அற்புதமானது. நெல்லும் நிலமும் பங்கு போட அதைவிட நல்லது எது? ஆனால் பத்து மடங்காக்க அது ஏற்றதல்ல, அதன் படிகள் பத்து பத்தாக இறங்கவில்லை.

அணா கணக்கும் அப்படித்தான். மூன்று ரூபாய் நாலணாவைப் பத்தால் பெருக்க, மூன்றுக்கு முப்பது, நாலணாவுக்கு நாற்பது அணா, அதைப் பதினாறால் வகுத்து இரண்டு ரூபாய் எட்டணா, ஆக முப்பத்திரண்டு ரூபாய் எட்டணா என்று சுற்றி வர வேண்டும். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா ஆன பிறகு 3.25 × 10 = 32.5. முடிந்தது. இந்தியா காசை மாற்றியது எத்தனை கோடிப் பெருக்கல்களை எளிதாக்கியது என்பதைப் பள்ளிப் பாடங்களில் யாரும் சொல்வதே இல்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

25 ஜூலை 2024

"கணினி வந்த பிறகு இதெல்லாம் எதற்கு?" என்ற கேள்விக்கு.

கணினிதான் இதில் நம்மைவிடத் திணறுகிறது. என் தங்கை மகன் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதுகிறான். ரூபாயைப் பைசாவாக்க 4.35ஐ நூறால் பெருக்கச் சொன்னால் 434.99999999999994 வருகிறது என்று காட்டினான். பின்னத்தை வெட்டிவிட்டால் 434 பைசா. ஒரு பைசா காணாமல் போகிறது. கணினி எண்களை இரும எண்முறையில் வைத்திருக்கிறது. அங்கே இடங்கள் அரை, கால், அரைக்கால் என்று பாதி பாதியாக இறங்குகின்றன. நமக்கு 1/3ஐத் தசமத்தில் முடிக்க முடியாததுபோல அதற்கு 0.1ஐ முடிக்க முடியாது, 4.35ஐயும் முடியாது. மிக நெருங்கிய ஓர் எண்ணை வைத்துக்கொள்கிறது. நூறால் பெருக்கும்போது அந்த நூலிழை வித்தியாசமும் நூறு மடங்காகிறது. அதனால்தான் பணத்தைத் தொடக்கத்திலிருந்தே பைசாவாக, முழு எண்ணாக வைத்துக்கொள்வார்களாம்.

இதே 0.1 உயிர்களையும் பறித்திருக்கிறது. 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர், சவூதி அரேபியாவின் தஹ்ரான். பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பின் கடிகாரம் நொடியில் பத்தில் ஒன்றாக எண்ணிக்கொண்டிருந்தது. அந்த எண்ணிக்கையை நொடியாக்க 0.1ஆல் பெருக்க வேண்டும். 0.1 அங்கே 24 இரும இலக்கங்களோடு வெட்டப்பட்டிருந்தது. ஒரு துடிப்புக்குப் பிழை சுமார் 0.000000095 நொடி. இயந்திரம் ஏறத்தாழ நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடியது. துடிப்புகள் 100 × 60 × 60 × 10 = 36,00,000. இரண்டையும் பெருக்குங்கள், ஏறக்குறைய 0.34 நொடி. அந்த நேரத்தில் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். தடுப்பு அமைப்பு தவறான இடத்தில் தேடியது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள்.

ஒன்பதாம் வகுப்புக்கு இந்தப் பெருக்கலைக் கொடுக்கிறேன். முதலில் 95 × 36, பிறகு அடுக்குகள் மட்டும். 9.5 × 10⁻⁸ × 3.6 × 10⁶ = 34.2 × 10⁻² = 0.342. விடையைக் கண்டதும் வகுப்பு அமைதியாகிவிடுகிறது.

28 ஜூலை 2024

முதலில் கேட்ட நண்பர் மறுபடி வந்து, "புள்ளியைத் தள்ளு என்று சொல்லவே கூடாதா?" என்கிறார். இந்த வாரம் யோசித்ததில் என் நிலை சற்றுக் கூர்மையாகியிருக்கிறது.

தொடக்கத்தில் சொல்லக் கூடாது, இதில் மாற்றமில்லை. ஆனால் எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் குறியீடு வந்த பிறகு, கையெழுத்து வேகத்துக்கு அதுவே வசதி. 299792458ஐ 2.99792458 × 10⁸ என்று எழுதும்போது நானே புள்ளியைத்தான் எட்டு இடம் எண்ணுகிறேன். காரணம் உள்ளே பதிந்த பிறகு குறுக்குவழி யாரையும் கெடுப்பதில்லை.

அறிவியல் குறியீட்டில் இன்னொன்றும் இருக்கிறது, இங்கே யாரும் எழுப்பவில்லை. பூமிக்கும் சூரியனுக்கும் சராசரித் தொலைவு சுமார் 1.496 × 10⁸ கிலோமீட்டர். மீட்டராக்க ஆயிரத்தால் பெருக்கினால் 1.496 × 10¹¹. இங்கே புள்ளியும் நகரவில்லை, இலக்கமும் நகரவில்லை. அடுக்கு மட்டும் மூன்று கூடியது. லாக் அட்டவணை (ஓர் எண் பத்தின் எந்த அடுக்கு என்று காட்டுவது) பார்த்துக் கணக்குப் போட்ட தலைமுறைக்கு இது கைப்பழக்கம்: 3.4க்கு 0.5315, 34க்கு 1.5315, 340க்கு 2.5315. புள்ளிக்குப் பின்னால் எதுவும் மாறாது, முன்னால் உள்ள முழு எண் மட்டும் ஒவ்வொன்றாக ஏறும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் செய்முறைத் தேர்வுக்கு அந்த அட்டவணையைப் புரட்டியபோதுதான், பத்தால் பெருக்குவது ஒன்றைக் கூட்டுவதுதான் என்று எனக்கு முழுமையாக உறைத்தது. அன்று ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் இருக்கிறது.

30 ஜூலை 2024

நிறுவன அறிக்கைகளில் மில்லியனும் நம் செய்தித்தாள்களில் கோடியும் வருவதால் தடுமாறுகிறேன் என்று எழுதியவருக்கு: எல்லாவற்றையும் பத்தின் அடுக்காக்கிவிடுங்கள். லட்சம் 10⁵, மில்லியன் 10⁶, கோடி 10⁷. 2.35 கோடி என்பது 2.35 × 10⁷. அதிலிருந்து 10⁶ஐத் தனியே எடுத்தால் மீதம் ஒரு பத்து, எனவே 23.5 மில்லியன். திருப்பி வரும்போது 480 மில்லியன் என்றால் 48 கோடி. வரவு செலவுத் திட்டச் செய்திகளில் வரும் 1.5 லட்சம் கோடி என்பது 1.5 × 10⁵ × 10⁷, அடுக்குகளைக் கூட்டினால் 1.5 × 10¹². டிரில்லியனும் 10¹²தான், எனவே ஒன்றரை டிரில்லியன்.

30 ஜூலை 2024, இரவு

10⁰ஆல் பெருக்கினால் என்ன ஆகும் என்று அந்த ஏழாம் வகுப்பு மாணவி தன் அப்பா மூலம் கேட்டிருக்கிறாள். 10³ஆல் பெருக்கினால் மூன்று கட்டம் இடப்பக்கம், 10²ஆல் இரண்டு, 10¹ஆல் ஒன்று. 10⁰ஆல் பெருக்கினால் யாரும் நகர வேண்டாம், 3.4 × 10⁰ = 3.4. அதனால் 10⁰ = 1. அடுத்து 10⁻¹ஆல் பெருக்கினால் எந்தப் பக்கம், எத்தனை கட்டம் என்று அவளே சொல்லட்டும்.